குழாய் வந்துவிட்டது, தண்ணீருக்கு யார் பொறுப்பு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் அணியினர் ஆகியோருக்காக ஹற்றனில் நடந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடும்போதெல்லாம் முதலில் சம்பளத்தைப் பற்றிக் கதைக்கிறோம். அது சரியானதுதான். அடுத்ததாக வீடும் காணியும் வருகின்றன. அதுவும் சரி. ஆனால் நம்முடைய கோரிக்கைக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் இருக்கும். “குடிநீர் வசதி செய்து தரவேண்டும்” என்று ஒரே ஒரு வரி. நிர்வாகம் ஒரு டாங்கியைக் கட்டும், நாலு குழாயைப் போடும், பெயர்ப்பலகை ஒன்றைத் திறந்து வைக்கும். அந்த வரியும் வெட்டப்பட்டுவிடும்.

இன்றைக்கு நாம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. குழாயில் வருவது குடிக்கக்கூடிய தண்ணீரா? அதை யார் பரிசோதிக்கிறார்கள்? பரிசோதித்தால், முடிவை நம்மிடம் யார் சொல்கிறார்கள்?

பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி இடாப்பு எடுக்கும்போதே வந்துவிடுகிறது. மழை தொடங்கிய வாரத்தில் ஒரே லயத்திலிருந்து மூன்று, நான்கு பிள்ளைகள் வரமாட்டார்கள். கேட்டால் “வயித்தால போகுது டீச்சர்” என்று தங்கச்சி சொல்லும். அந்த வீட்டில் தாய்க்கும் அன்றைக்கு வேலை இல்லை, பெயரும் இல்லை. அதனால் தண்ணீர்ப் பிரச்சினை சம்பளப் பிரச்சினைக்கு வெளியே நிற்கிற ஒன்றல்ல.

மலைத் தண்ணீர் எல்லாம் சுத்தமானதா?

“நம்ம தாத்தா பாட்டி பீலியில குடிச்சவங்க. அவங்களுக்கு ஒன்னும் ஆகலியே” என்று பலர் சொல்வார்கள். ஆகியிருக்கிறது, தோழர்களே. கொலராவும் வயிற்றுளைவும் நம்முடைய முன்னோரில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பது இந்த மலைகளுக்குத் தெரியும். உயிர் தப்பியவர்களின் பிள்ளைகள்தான் நாம். அதனால்தான் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

நமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான தோட்டங்களில் அது ஊற்றுத் தண்ணீர், அதாவது நிலத்தடி நீர். காட்டுத்தொங்கலிலும் தேயிலை மலையின் மேல் பக்கத்திலும் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையில் முட்டி, சரிவில் ஓரிடத்தில் வெளியே வருகிறது. அங்கே ஒரு தொட்டி கட்டி, குழாய் வழியாகக் கீழே லயத்துக்குக் கொண்டு வருகிறார்கள். மண் ஒரு வடிகட்டிதான். தண்ணீர் ஆழமாக இறங்கி மெதுவாக நகர்ந்தால் கிருமிகள் வழியிலேயே தங்கிவிடும். ஆனால் நம்முடைய சரிவுகளில் பல இடங்களில் மண் படை மெல்லியது. பாறை வெடிப்பு வழியாக மேல் தண்ணீர் சீக்கிரமாக ஊற்றுக்கு வந்துவிடுகிறது. மழை பெய்து சில மணித்தியாலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்குகிறதா? அப்படியென்றால் மண் வடிகட்டவில்லை. மேலே என்ன கிடக்கிறதோ அது கீழே வந்துகொண்டிருக்கிறது.

மேலே என்ன கிடக்கிறது? தேயிலைக்குப் போட்ட உரம், மருந்து. மரக்கறித் தோட்டத்துக் கோழி எரு. மாட்டுப்பட்டி. சில இடங்களில் மேல் லயத்து மலசலகூடக் குழி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொல்வார்கள். அது சமதரைக்கான கணக்கு. சரிவில், குழி ஊற்றுக்கு மேலே இருந்தால் 50 அடி போதாது. லயத்துக்கு மேல் லயம் கட்டிய மலையில் இந்த விதியை யார் பார்த்தார்கள்?

கனடாவில் நடந்தது

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 5,000 பேர் வாழும் ஊர். அவர்களும் நிலத்தடி நீரையே குழாயில் குடித்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெரும் மழை பெய்தது. ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் பக்கத்துப் பண்ணை வயலில் போட்ட மாட்டெரு கழுவுண்டு போனது. ஈ.கோலை என்ற கிருமியின் கொடிய வகை ஒன்று ஊர்க் குழாய்க்குள் வந்தது. 2,300 பேருக்கு மேல் நோயாளியானார்கள். 7 பேர் இறந்தார்கள்.

அரசாங்கம் நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடத்தியது. அதில் வெளிவந்தவற்றை நாம் கவனிக்கவேண்டும். குளோரின் தினமும் அளக்கப்படவேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் பல நாட்கள் அளக்காமலே புத்தகத்தில் எண்ணை எழுதினார்கள். நீரில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்த பிறகும், சுகாதார அதிகாரிகள் கேட்டபோது தண்ணீர் நல்லது என்றே சொன்னார்கள். செலவைக் குறைப்பதற்காக மாகாண அரசு பரிசோதனை வேலையைத் தனியாருக்கு விட்டிருந்தது. கெட்ட முடிவு வந்தால் சுகாதாரத் திணைக்களத்துக்கு நேரே அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயத்தை வைக்கவில்லை. பண்ணைக்காரர் மீது குற்றம் இல்லை என்றும் விசாரணை சொன்னது. அவர் முறைப்படியே எரு போட்டிருந்தார். கிணறு அமைந்த இடமும் அதைக் கண்காணிக்காமல் விட்டதும்தான் பிழை.

இங்கேயும் நடந்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட மக்களிடையேயும் வயிற்றுளைவு பரவியிருக்கிறது. கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடித்ததே அங்கும் பேசப்பட்ட காரணம். வோக்கர்ட்டனுக்கு ஒரு நீதிபதி வந்தார். நமது லயங்களில் பத்துப் பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன நடக்கிறது? தோட்ட வைத்தியசாலையில் மாத்திரை தருவார்கள், “தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க” என்பார்கள். அத்தோடு முடிந்தது.

கொதிக்க வைப்பது எதைச் செய்யும், எதைச் செய்யாது

கொதிக்க வைக்கத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குப் போகாது, 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அதுவும் போதும். ஆனால் கேத்தல் சத்தம் போட்டவுடன் இறக்கவேண்டாம். நன்றாகக் கொதித்துப் புரளவேண்டும். நம்முடைய உயரத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறவைத்த தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, கையோ கோப்பையோ உள்ளே விடாமல் ஊற்றி எடுக்கவேண்டும். கொதிக்கவைத்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் கழுவிய போத்தலில் ஊற்றி மலைக்குக் கொண்டுபோனால் பட்ட பாடு வீண்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உரமும் மருந்தும் போகாது. உரத்தில் இருந்து வருகிற நைத்திரேற்று, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். நமது நாட்டுக் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது. அதற்கு மேலே போனால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். இதைக் கண்ணால் பார்த்தோ, நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். “கொதிக்க வச்சுக் குடிங்க” என்ற வார்த்தையின் பாரம் யார் தலையில் விழுகிறது? காலையில் நாலு மணிக்கு எழும்புகிற பெண்ணின் தலையில். விறகு பொறுக்குவது அவள், அடுப்பு ஊதுவது அவள், புகையைக் குடிப்பதும் அவள். எட்டுப் பத்து மணித்தியாலம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஐந்து பேருக்குத் தண்ணீர் காய்ச்சுவதும் அவள்தான். நிர்வாகமும் அரசாங்கமும் செய்யவேண்டிய வேலையை அவளுடைய அடுப்புக்கு மாற்றிவிட்டு, நோய் வந்தால் “நீங்க கொதிக்க வைக்கல்ல” என்று அவள் மீதே பழி போடுகிறார்கள். இதை நாம் ஏற்கமுடியாது.

டாங்கியிலும் குழாயிலும் நடப்பது

ஊற்று நன்றாக இருந்தாலும் வழியில் கெடலாம். மூடி இல்லாத டாங்கிக்குள் இலையும் தவளையும் விழும். கழுவாத டாங்கியில் சேறு படியும். பல தோட்டங்களில் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் திறக்கப்படுகிறது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குழாயில் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு நின்றால், வெடிப்பு வழியாகத் தண்ணீர் வெளியேதான் போகும். குழாய் வெறுமையாகக் கிடந்தால் அது வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். குழாய் கானுக்குள்ளால் போகிறதா? கானில் மலசலகூடக் கழிவு ஓடுகிறதா? அப்படியானால் அடுத்த நாள் காலை திறக்கும்போது முதலில் வருவது எது என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காகத்தான் குளோரின். ரி.சீ.எல். என்று சொல்லப்படுகிற வெள்ளைத் தூளில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் குளோரின். 10,000 லீற்றர் டாங்கிக்கு, லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 20 கிராம் குளோரின் வேண்டும். அதாவது 65 முதல் 70 கிராம் தூள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்குச் சமைக்கும் அரிசியைவிடக் குறைவான தூள், ஒரு லயம் முழுவதற்கும் போதும். போட்டபின் அரை மணித்தியாலம் விடவேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் தெளியவைக்கவேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்று அளக்கவேண்டும். ஈரத்தில் திறந்து கிடக்கிற தூள் வீரியம் இழந்துவிடும்.

தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாகத் தூளை வாங்கிக் கொட்டவேண்டாம். பீ.எச்.ஐ. என்று நாம் அழைக்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளவைக் காட்டித் தரவேண்டும். இந்தக் கணக்கை இங்கே சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். “அதெல்லாம் பெரிய செலவு” என்று யாராவது சொன்னால், எவ்வளவு சின்னச் செலவு என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

யாருடைய பொறுப்பு?

இங்கேதான் நம்மை அலைய விடுகிறார்கள். துரையிடம் போனால் பிரதேச சபைக்குப் போகச் சொல்வார். சபைக்குப் போனால் தோட்டம் தனியார் இடம் என்பார்கள். நீர் வழங்கல் சபைக்குப் போனால் இது எங்கள் திட்டம் அல்ல என்பார்கள். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பதைத் துரையின் கடமையாக்கியது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயங்களும் ஊற்றுகளும் அந்தக் காணியில்தான் இருக்கின்றன. காணி கையில் இருக்கும்வரை கம்பனி “எனக்குச் சம்பந்தமில்லை” என்று சொல்லமுடியாது.

பிரதேச சபைகளைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று நெடுங்காலம் சொன்னார்கள். வாக்கு மட்டும் நம்மிடம் வாங்கினார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சேவை செய்ய வழி திறக்கப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகளும் வந்தன. அவற்றில் நம்மவர்களே உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க நமக்கு வெட்கம் எதற்கு?

இன்னொரு கருவியும் நமது கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். “எங்கள் டிவிசன் தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? முடிவு என்ன?” என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், பிரதேச சபைக்கும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் காரணம் கேட்கமுடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துப் பதில் சொல்லவேண்டும். “பரிசோதிக்கவே இல்லை” என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஓர் ஆவணம்தான்.

நோயைப் பதிவு செய்வதும் முக்கியம். வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவை சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய்கள். வைத்தியர் அறிவித்தால் பீ.எச்.ஐ. தேடி வரவேண்டும். நாம் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இருந்தால், பதிவேட்டில் நமது தோட்டத்தில் நோயே இல்லை. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே ஜீவனி கரைத்துக் கொடுங்கள். இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நமது பக்கத்து வேலை

நிர்வாகத்தைக் கேட்கும்போது நமது வாசலையும் பார்க்கவேண்டும். ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி வைத்திருப்பவரும், மரக்கறி போட்டிருப்பவரும் நம்மவர்தான். அந்த மாடு அவர் வீட்டுச் சம்பளக் குறையை நிரப்புகிறது. “உன்னாலதான் நோய்” என்று அவரோடு சண்டைக்குப் போனால் லயம் இரண்டாகும், துரை சிரிப்பார். வோக்கர்ட்டன் பண்ணைக்காரரை நினையுங்கள். பட்டியை ஊற்றுக்குக் கீழே மாற்ற வேறு துண்டுக் காணி தரவேண்டும் என்று கேட்பது சங்கத்தின் வேலை. இடம் கிடைத்தால் மாற்றுவது அவருடைய கடமை. ஊற்றைச் சுற்றி வேலி போடுவதும், மேல் பக்கத்தில் மழைத்தண்ணீரைத் திருப்பிவிடக் கான் வெட்டுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கு யாருடைய அனுமதிக்காகவும் ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

தண்ணீர்க் குழு அமைக்கும்போது தலைவர், செயலாளர் எல்லாம் ஆண்கள், கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றப் பெண்கள் என்று இருக்கக்கூடாது. எந்தக் குழாய் எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்த நாளில் கலங்குகிறது என்று தெரிந்தவர்கள் பெண்கள். பொருளாளரும் டாங்கிச் சாவியும் அவர்களிடம் இருக்கட்டும்.

பிள்ளைகளும் உதவலாம். விஞ்ஞான பாடத்தில் படிக்கிற மூத்த வகுப்புப் பிள்ளைகள், ஊற்றிலிருந்து கடைசி வீட்டுக் குழாய் வரை நடந்து போய் ஒரு வரைபடம் கீறட்டும். டாங்கி எங்கே, வெடிப்பு எங்கே, மலசலகூடம் எங்கே, மாட்டுப்பட்டி எங்கே என்று குறிக்கட்டும். அந்தப் படத்தைப் பிரதேச சபை மேசையில் விரித்துவைத்துக் கதைத்தால், வாய்ப் பேச்சைவிட அது எடுபடும்.

முன்வைக்கும் தீர்மானம்

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஐந்து விடயங்களை நிறைவேற்றித் தருமாறு கேட்கிறோம்.

1. ஒவ்வொரு டிவிசனின் ஊற்றும் டாங்கியும் கடைசிக் குழாயும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது, மழைக்காலத்தில் ஒன்றும் வரட்சியில் ஒன்றுமாக, எஸ்.எல்.எஸ். 614 தரப்படி பரிசோதிக்கப்படவேண்டும். 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது.

2. முடிவு தமிழில் எழுதப்பட்டுப் பிரட்டுக்களத்திலும், பிள்ளை மடுவத்திலும், பாடசாலையிலும் ஒட்டப்படவேண்டும்.

3. டாங்கியைக் கழுவிக் குளோரின் இட்டு அளவெடுக்க, பயிற்சி பெற்ற ஒருவரைச் சம்பளத்தோடு நியமிக்கவேண்டும். அளவுப் புத்தகத்தைத் தண்ணீர்க் குழு எந்த நேரமும் பார்க்கமுடிய வேண்டும்.

4. ஊற்றுக்கு மேல் பகுதியில் உரமும் மருந்தும் போடாத எல்லையைக் கம்பனி அடையாளமிட்டு விடவேண்டும்.

5. தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால், சரிசெய்யும்வரை பவுசர் மூலம் நல்ல தண்ணீர் தரவேண்டும். “கொதிக்க வையுங்கள்” என்பதை மட்டும் பதிலாக ஏற்கமாட்டோம்.

தண்ணீருக்கான மனிதரின் உரிமையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. அது நியூயோர்க்கில் எழுதப்பட்டது. அதை நமது லயத்துக் குழாய்வரை கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

தலைவர்மாரே, தலைவிமாரே, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வரவேண்டாம். உங்கள் ஊற்று எங்கே இருக்கிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது, டாங்கி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, கடைசிப் பரிசோதனை முடிவு யாரிடம் இருக்கிறது என்ற நாலு கேள்விக்கும் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். பதில் தெரியாத கேள்விக்கு நேரே “தெரியாது” என்றே எழுதுங்கள். தகவல் கோரும் கடிதங்களை அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்து எழுதி அனுப்புவோம்.